வீட்டு வாசலில் ஒரு லினக்ஸ்

1999இல் சென்னையில் ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் இரண்டு கணினிகள் இருப்பதே அபூர்வம். இருந்துவிட்டால், இரண்டிலும் ஒரே நேரத்தில் நெட் வேண்டும் என்று யாருக்காவது தோன்றும். அந்த ஆசைதான் பலரை லினக்ஸ் பக்கம் இழுத்தது. கட்டற்ற மென்பொருள், ரிச்சர்ட் ஸ்டால்மன், கொள்கை விளக்கமெல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை. முதலில் இருந்தது ஒரு போன் லைன், ஒரு மோடம், இரண்டு கணினி, அண்ணன் தம்பிச் சண்டை.

கடைக்குப் போய் ரவுட்டர் கேட்டு வாங்கும் காலம் அல்ல அது. ரவுட்டர் என்றால் வங்கியிலும் பெரிய அலுவலகத்திலும் ஏசி அறைக்குள் இருக்கும் பெட்டி. வீட்டுக்கு வேண்டுமானால் நாமே செய்துகொள்ள வேண்டும். ஒதுக்கிப் போட்ட 486 கணினி ஒன்று, ரிச்சி தெருவில் வாங்கிய என்ஈ2000 வகை லேன் கார்டு, ஒரு கேபிள். இவ்வளவுதான் சரக்கு. கார்டு எந்த ஐஆர்க்யூ என்ற குறுக்கீட்டு எண்ணில் உட்கார்ந்திருக்கிறது என்பதை லினக்ஸ் பல நேரம் தானாகக் கண்டுபிடிக்காது; நாம் சொல்லித்தர வேண்டும். சவுண்டு கார்டும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தால் இரண்டில் ஒன்றுதான் பேசும். ஹப் வாங்கக் காசில்லாதவர்கள் கிராஸ் கேபிள் போட்டுக்கொண்டார்கள். ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடி இருக்கும் இடத்தில் மறுமுனையில் பச்சை ஜோடி வர வேண்டும். கிரிம்பிங் கருவியை இரவல் வாங்கி, எட்டு இழைகளையும் வரிசை மாறாமல் நுழைத்து அழுத்துவது ஒரு கைத்தொழில்.

மோடம்தான் பெரிய தலைவலி. கணினியோடு சேர்த்து விற்ற மலிவு மோடம்களில் பாதி உறுப்புகள் கிடையாது. ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைக் கணினியின் செயலியே செய்யட்டும் என்று விட்டுவிடுவார்கள். அதற்கான டிரைவர் விண்டோஸுக்கு மட்டும் இருக்கும். வின்மோடம் என்ற கெட்ட பெயர் அதற்கு. லினக்ஸ்காரர்கள் கூடுதலாகச் செலவழித்து, சீரியல் போர்ட்டில் சொருகும் வெளி மோடத்தைத் தேடினார்கள். அதன் முகப்பில் சிவப்பு விளக்குகள் வரிசையாக மினுங்கும். எந்த விளக்கு எதற்கு என்று தெரிந்தவருக்கு இணைப்பு ஏன் அறுந்தது என்பதும் தெரியும்.

விஎஸ்என்எல் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது 1995 ஆகஸ்ட் 15 அன்று. 1998இல் தனியார் வந்தார்கள். முதலில் வந்தது சென்னையிலிருந்து இயங்கிய சத்யம் இன்ஃபோவே. யாரிடம் வாங்கினாலும் மணிக்கணக்குக்கு ஒரு கட்டணம், தொலைபேசித் துறைக்கு அழைப்புக் கட்டணம் தனி. பகலில் மூன்று நிமிடத்துக்கு ஒரு பல்ஸ் ஓடும். உள்ளூர் எண் இல்லாத ஊர்க்காரர்கள் எஸ்டிடி போட்டுத்தான் நெட்டுக்குப் போக வேண்டும். நடுவில் யாராவது எக்ஸ்டென்ஷன் போனை எடுத்தால் இணைப்பு போச்சு. "லைனை விட்டுத் தொலைடா, மெட்ராஸ் சித்தி கூப்பிடுவா" என்று எத்தனையோ பதிவிறக்கங்கள் 90 சதவீதத்தில் செத்துப்போயின.

இதற்காகவே லினக்ஸில் டயல்-டி என்று ஒரு நிரல் இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து யாராவது இணையத்தைத் தேடினால் மட்டும் அது மோடத்தை எழுப்பி டயல் செய்யும். கொஞ்ச நேரம் யாரும் ஒன்றும் கேட்காவிட்டால் லைனைத் துண்டிக்கும். கூடவே ஸ்க்விட். ஒருமுறை பார்த்த பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு உள்ளிருந்தே எடுத்துக் கொடுக்கும். தெருமுனை பிரவுசிங் சென்டர்களில் பத்து கணினிகள் ஒரே இணைப்பில் ஓரளவு ஓடிய ரகசியம், மூலையில் மானிட்டர் இல்லாமல் கிடந்த இப்படியொரு லினக்ஸ் பெட்டிதான்.

இவற்றையெல்லாம் எங்கே படித்தார்கள்? நெட்டுக்குப் போகும் வழி நெட்டில் இருந்து என்ன பயன்? பிசிகுவெஸ்ட் பத்திரிகை தன் இதழோடு லினக்ஸ் சிடிக்களை இணைத்துக் கொடுத்தது. அன்றைய மோடத்தில் ஒரு சிடி அளவை இறக்க ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும் என்பதால் அது பெரிய உபகாரம். சிடிக்குள்ளேயே 'ஹவ்-டூ' என்ற ஆவணங்கள் இருந்தன. பிபிபி ஹவ்-டூ, ஐபி மாஸ்கரேடு ஹவ்-டூ. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடும். பல்லவனில் ஏறி சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில் நான் மிக ரசித்த பொருள் ஃப்ளாப்பி ரவுட்டர். லினக்ஸ் ரவுட்டர் புராஜெக்ட் என்ற பெயரில் வந்தது. 1.44 எம்பி ஃப்ளாப்பி ஒன்றில் லினக்ஸின் மையமான கர்னல், பிணைய நிரல்கள், தீச்சுவர் விதிகள் அத்தனையும் அடங்கும். 486 கணினியை ஃப்ளாப்பியிலிருந்து கிளப்பினால் எல்லாம் நினைவகத்துக்கு ஏறிக்கொள்ளும். ஹார்ட் டிஸ்க் தேவையில்லை. மானிட்டர், கீபோர்டு எதுவும் தேவையில்லை. ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சின்னத் தாழ்ப்பாளை நகர்த்திவிட்டால் அதில் யாரும் எழுத முடியாது. வெளியிலிருந்து எவனாவது புகுந்து கெடுத்தாலும், ஒருமுறை அணைத்துப் போட்டால் பழையபடி சுத்தமாக எழுந்துவிடும்.

நம் ஊருக்கு அதில் இன்னொரு லாபம். கரன்ட் போனால் கவலையில்லை. ஹார்ட் டிஸ்க் வைத்த லினக்ஸ் கணினி அன்று ஈஎக்ஸ்டி2 என்ற கோப்பு முறையில் ஓடியது. திடீரென்று மின்சாரம் போய் வந்தால் வட்டு முழுவதையும் ஒவ்வொரு அறையாகச் சோதிக்கும். சோதித்து முடிப்பதற்குள் மறுபடி கரன்ட் போகும். எழுதப்போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஈஎக்ஸ்டி3 கர்னலுக்குள் வந்தது 2001 கடைசியில்தான். ஹெல்சிங்கியில் எழுதத் தொடங்கிய மென்பொருள் திண்டுக்கல்லின் மின்வெட்டை நினைத்துப் பார்த்திருக்காது என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

அந்த ரவுட்டர் செய்த வேலைக்கு மாஸ்கரேடு என்று பெயர். வீட்டுக்குள் 192.168 என்று தொடங்கும் சொந்த எண்கள். வெளியே போகும் ஒவ்வொரு பேக்கெட்டின் மேலும் ரவுட்டர் தன் எண்ணை எழுதி அனுப்பும், பதில் வந்தால் யாருக்கு என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்கும். கர்னல் 2.0இல் இந்த விதிகளை எழுத ஐபிஎஃப்டபிள்யூ-அட்மின். 1999இல் 2.2 வந்ததும் ஐபிசெயின்ஸ். 2001இல் 2.4 வந்ததும் ஐபிடேபிள்ஸ். ஒவ்வொரு முறையும் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி படிக்க வேண்டும். முனகாமல் யாரும் படித்ததாக நினைவில்லை. ஆனால், பேக்கெட் எங்கே நுழைந்து எந்த வழியாகப் போகிறது என்பது அப்படித்தான் மண்டையில் ஏறியது.

இவ்வளவு பாடுபட்டவருக்குக் கிடைத்த ஒரு சலுகையை அன்று யாரும் சலுகையாக எண்ணவில்லை. டயல் செய்து இணைந்த மறுநொடியே உங்கள் வீட்டுக் கணினிக்கு உலகம் முழுதும் செல்லுபடியாகும் ஓர் ஐபி முகவரி வந்துவிடும். இணைப்பு இருக்கும்வரை அமெரிக்காவில் இருக்கும் நண்பர் உங்கள் வீட்டு 486க்குள் நேராக நுழைந்து கோப்பு எடுத்துக்கொள்ளலாம். வேகம் ஆமை வேகம்தான், முகவரி நிஜமானது.

2005இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் வந்தது. வினாடிக்கு 256 கிலோபிட். 2007இல் அதை 2 மெகாபிட்டாக்கினார்கள். போன் பேசிக்கொண்டே நெட் பார்க்கலாம் என்றதும் வீடுகளில் அமைதி திரும்பியது. ஆனால் மாதத்துக்கு ஒன்றிரண்டு ஜிபிதான் அளவு. மீறினால் எம்பிக்கு இவ்வளவு என்று பில் ஏறும். 500 ரூபாய்த் திட்டத்தில் ஒரு விதிவிலக்கு: இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை இறக்குவதற்குக் கணக்கில்லை. லினக்ஸுக்கு இதைவிட நல்ல வேலை எதுவும் வாய்த்ததில்லை. கிரான் என்ற நிரலில் இரண்டு மணிக்குத் தொடங்கு, எட்டுக்கு முன்னால் நிறுத்து என்று எழுதிவைத்துவிட்டு வீட்டுக்காரர் தூங்கப்போவார். கணினிக் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும் என்பதில் அன்று காட்டிய அக்கறையைப் பலர் அலுவலகத்துக்குப் போவதில்கூடக் காட்டியதில்லை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கடலுக்கு அப்பால் நடந்த ஒரு சம்பவம் 486ஐ ஓய்வுக்கு அனுப்பியது. லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வைஃபை ரவுட்டரை 2002 கடைசியில் விற்பனைக்கு விட்டது. நீலமும் கறுப்புமாக, இரண்டு ஆன்டெனாக்கள் வைத்த சின்னப் பெட்டி. 2003இல், அதற்குள் ஓடுவது லினக்ஸ் என்று சில ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் உரிமத்தில் வருவது. அதை விற்கலாம், விற்றால் மூல நிரலையும் தர வேண்டும். லிங்க்சிஸ் தரவில்லை. கர்னல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டார்கள், சத்தம் கூடியது, அதே ஆண்டில் நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அதற்குள் லிங்க்சிஸை சிஸ்கோ விலைக்கு வாங்கியிருந்தது.

அந்த நிரலை அடித்தளமாக வைத்து 2004இல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரின் கடைசி மூன்று எழுத்துகள் அந்த நீலப் பெட்டியின் பெயரிலிருந்து எடுத்தவை. டிடி-டபிள்யூஆர்டி, டொமாட்டோ என்று தம்பிகளும் வந்தார்கள். 16 எம்பி நினைவகமும் 4 எம்பி ஃப்ளாஷும் கொண்ட பெட்டி, பெரிய அலுவலக ரவுட்டர் செய்யும் வேலைகளைச் செய்யத் தொடங்கியது. 2005இல் நிறுவனம் அதே பெயரில் வந்த ஐந்தாம் பதிப்பின் நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டது. ஆர்வலர்கள் பழைய பதிப்பைத் தேடி அலைந்தார்கள். கடைசியில் நிறுவனமே இறங்கிவந்து, லினக்ஸ் ஓடும் பழைய வடிவத்தை ஜிஎல் என்று பெயரிட்டு விற்றது. அது ஆண்டுக்கணக்கில் விற்றுக்கொண்டே இருந்தது. வீட்டு வலையமைப்பு வரலாற்றில் ஒரே ஒரு பொருளைத்தான் அருங்காட்சியகத்தில் வைக்கலாம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

அந்த மலிவுப் பெட்டிகள் விளையாட்டோடு நிற்கவில்லை. 2010இல் ஜிம் கெட்டிஸ் என்ற மூத்த கணினிப் பொறியாளர், தன் வீட்டு இணைப்பில் ஒரு பெரிய கோப்பை அனுப்பும்போது மற்ற எல்லாமே திணறுவதைக் கவனித்துத் தோண்டினார். நினைவகம் மலிந்துபோனதால் மோடம் செய்பவர்களும் ரவுட்டர் செய்பவர்களும் தாராளமாக பஃபர் வைத்திருந்தார்கள். பேக்கெட்டுகள் அதில் போய் வரிசை கட்டி நிற்க, பின்னால் வந்த குரல் அழைப்பும் விளையாட்டும் காத்துக் கிடந்தன. பஃபர்புளோட் என்று அவர் அதற்குப் பெயர் வைத்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வைக் கொடுத்தார்கள். அதைச் சோதித்துச் செதுக்கிய இடம், டேவ் டாட் என்பவர் முன்னின்று நடத்திய செரோடபிள்யூஆர்டி. ஓப்பன்டபிள்யூஆர்டியின் ஒரு கிளைதான் அது. கடைகளில் கிடைக்கும் வீட்டு ரவுட்டரில் ஓடியது. அங்கே தேறிய எஃப்கியூ-கோடெல் இன்று பல லினக்ஸ் கணினிகளில் சொல்லாமலே இயங்குகிறது. டாட் 2025இல் காலமானார். உங்கள் வீட்டில் ஒருவர் படம் இறக்கும்போது இன்னொருவர் தடங்கலில்லாமல் வீடியோ அழைப்பு பேசினால், அதில் அவருக்கும் பங்கு இருக்கக்கூடும்.

இன்றைய நிலைக்கு வருவோம். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலர் விலையில் ராஸ்பெரி பை என்ற அட்டை அளவுக் கணினி வந்த கதையை எல்லோரும் அறிவார்கள். இப்போது ஆர்வலர் வீட்டில் பை இருக்கிறது, அல்லது அலுவலகம் கழித்துப்போட்ட குட்டிக் கணினி இருக்கிறது. அதில் டெபியன் லினக்ஸ், மேலே நிரல்களைத் தனித்தனிப் பொதியாக ஓட்டும் டாக்கர். விளம்பரங்களின் பெயரைக் கேட்டால் 'அப்படி யாரும் இல்லை' என்று பதில் சொல்லும் பை-ஹோல், புகைப்படங்களுக்கு இம்மிச், படங்களுக்கு ஜெல்லிஃபின், விளக்கையும் மோட்டாரையும் கவனிக்க ஹோம் அசிஸ்டன்ட். ஒவ்வொன்றும் சில வரிகளை ஒட்டினால் ஓடும். "அஞ்சு நிமிஷ வேலைண்ணா" என்று கல்லூரி மாணவர்கள் சொல்வதில் மிகையில்லை.

மின் கணக்கும் மாறிவிட்டது. 80 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினியை இரவு பகலாக ஓடவிட்டால் இரண்டு மாதத்துக்கு 115 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அந்த ஒரு பெட்டியே விழுங்கிவிடும். 5 வாட் இழுக்கும் பைக்கு அதே காலத்தில் 7 யூனிட் போதும். கரன்ட் போனால் எஸ்டி கார்டு கெடும் தொல்லை மட்டும் பைக்கு உண்டு. பழைய ஈஎக்ஸ்டி2வின் சாபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. அதனால் பழைய மடிக்கணினியே மேல் என்பது என் கட்சி. கீபோர்டு தேய்ந்திருக்கலாம், திரை போயிருக்கலாம். பேட்டரி கொஞ்சம் தாங்கினால் யுபிஎஸ்ஸும் உள்ளேயே வந்துவிடுகிறது.

மாறியதில் பெரியது வேகமோ விலையோ அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையின் திசையே திரும்பிவிட்டது. அன்று லினக்ஸ் பெட்டியை வைத்தது வீட்டை வெளி உலகத்தோடு சேர்க்க. இன்று வைப்பது வெளியே போனதைத் திரும்பக் கொண்டுவர: நிறுவனங்களின் கிடங்கில் சேர்ந்துவிட்ட குடும்பப் புகைப்படங்கள், கடவுச்சொற்கள், அறையில் விளக்கு எரிந்த நேரம் உட்பட. தொலைக்காட்சிப் பெட்டி நள்ளிரவில் எந்த ஊருக்குப் பேசுகிறது என்பதை பை-ஹோல் பட்டியலில் ஒருமுறை பார்த்தவர்கள் இதைச் சட்டென்று ஒப்புக்கொள்வார்கள்.

கொண்டுவந்ததை வெளியிலிருந்து எட்டுவது எப்படி என்ற இடத்தில்தான் சிக்கல். பழைய முகவரி முறையான ஐபிவி4இல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். ஆசியப் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலில் கடைசித் தவணைக்கு வந்துவிட்டது. அதன் பின் பெருகிய சந்தாதாரர்களுக்கு ஆளுக்கொரு முகவரி தர முடியாததால், இணைய நிறுவனங்கள் நாம் 486இல் செய்த மாஸ்கரேடையே ஊர் அளவில் செய்யத் தொடங்கின. இப்போது உங்கள் ரவுட்டருக்குக் கிடைப்பதும் ஓர் உள் எண்தான். அதற்கென்றே 2012இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். வெளியிலிருந்து அந்த எண்ணை யாரும் எட்ட முடியாது. 300 மெகாபிட் ஃபைபர் வைத்திருப்பவர் வீட்டுக்குள் நேராக நுழைய முடியவில்லை. 33 கிலோபிட் மோடம் வைத்திருந்தவருக்கு முடிந்தது.

ஃபைபர் பெட்டியும் பல வீடுகளில் நமதில்லை. நிறுவனம் கொண்டுவந்து மாட்டுகிறது, நிர்வாகக் கடவுச்சொல்லைத் தர மறுக்கிறது, நினைத்தபோது தொலைவிலிருந்தே அமைப்புகளை மாற்றுகிறது. அந்தப் பெட்டி வெறும் மோடமாக இருக்கட்டும், ரவுட்டர் வேலையை என் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று வாடிக்கையாளர் சேவையை அழைத்து 'பிரிட்ஜ் மோடு' கேட்டால், மறுமுனையில் இருப்பவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார். நம் வாசலில் நம் பூட்டு இருந்த காலம் போய்விட்டது என்பதுதான் என் பெரிய மனக்குறை.

வழியில்லாமலும் இல்லை. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதிய வயர்கார்டு 2020 மார்ச்சில் கர்னல் 5.6க்குள் சேர்ந்தது. சுமார் 4,000 வரிகளில் அடங்கும் நிரல். வெளியே மாதம் சில நூறு ரூபாய்க்கு ஒரு சின்ன சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு குழாய் போட்டுவிட்டால், எங்கிருந்தும் வீட்டுக்கு வந்து சேரலாம். அதைவிட நேர்வழி, முகவரிப் பஞ்சமில்லாத ஐபிவி6. இந்தியாவில் பெரும்பாலான பெரிய இணைய நிறுவனங்கள் அதைத் தருகின்றன. வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த சொந்த முகவரி. 1999இன் பழைய சலுகை வேறு வடிவில் திரும்பிவந்தது போல. தீச்சுவரை ஒழுங்காக எழுதத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் தலைமுறைக்காரர்கள் ஒரு புலம்பலைத் தொடங்குவார்கள். இப்போதைய பிள்ளைகள் ஒட்டுகிறார்கள், கற்பதில்லை. பிழைச் செய்தி வந்தால் செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்துவிட்டு வருவதை அப்படியே போடுகிறார்கள் என்று. பாதி உண்மை. மீதிப் பாதியை மறந்துவிடுகிறோம். ஐஆர்க்யூ எண் தேடி அலைந்த மணிநேரங்களில் நாம் கற்றது ஐஆர்க்யூ எண்ணைத் தேடுவது எப்படி என்பதைத்தான். அந்த வித்தையை இன்று எடைக்குப் போட்டாலும் காசு வராது. ஹவ்-டூவை அப்படியே பார்த்துத் தட்டியவர்கள் அன்றும் பெரும்பான்மை. இன்றைய மாணவருக்கு ஆங்கிலம் தடை இல்லை. கணியம் இதழ் 2012 முதல் லினக்ஸைத் தமிழிலேயே எழுதிவருகிறது. பேக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும் டிசிபிடம்ப் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிறவர் கற்கிறார், எந்த ஆண்டில் பிறந்தவரானாலும்.

ஓப்பன்டபிள்யூஆர்டி தன் இருபதாம் ஆண்டில், 2024 நவம்பரில், தானே வடிவமைத்த ஒரு ரவுட்டரை வெளியிட்டது. ஓப்பன்டபிள்யூஆர்டி ஒன் என்று பெயர். அதில் 1 ஜிபி நினைவகம், அந்த நீலப் பெட்டியில் இருந்ததைப் போல 64 மடங்கு. மூல நிரலைக் கேட்டு யாரும் சண்டை போட வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் பழைய மடிக்கணினி இருந்தால் விற்றுவிடாதீர்கள். டெபியனைப் போட்டு ஒரு மூலையில் வையுங்கள். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரி என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தால் உங்கள் இணைய நிறுவனத்தை அழைத்து, ஐபிவி6 இருக்கிறதா, பிரிட்ஜ் மோடு தருவீர்களா என்று கேளுங்கள். முதல் அழைப்பில் கிடைக்காது. கேட்பவர்கள் கூடினால் தருவார்கள்.